மரக்கடைக்கும் உண்டு கார்பன் கணக்கு

"மரம் விக்கிறவனுக்குக் கார்பன் கணக்கு எதுக்கு சார்? அவன்தான் ஏற்கெனவே மரத்தோட இருக்கானே!"

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த மூன்று வருடத்தில் இதை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டவர்களில் பிளைவுட் முதலாளிகளும் உண்டு, எங்கள் வங்கிக்காரர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பி.காம். படித்தவன் போடுகிற கணக்குதான், ராக்கெட் விடுகிற கணக்கு இல்லை :-)

ஊர் யமுனாநகர். ஹரியானாவின் வடகிழக்கு மூலை, யமுனை மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிற இடம். ஒட்டினாற்போல் ஜகாத்ரி, பாத்திரத்துக்குப் பேர் போனது. ஆற்றுக்கு அக்கரை உத்தரப் பிரதேசம், மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற சகாரன்பூர். காலையில் பிள்ளையை ஸ்கூலில் விடக் கிளம்பினால் முன்னாலும் பின்னாலும் டிராக்டர்தான். டிரெய்லர் அகலத்துக்கு மேல் பிதுங்கி நிற்கும் வெள்ளை வெள்ளையான பாப்ளர் கட்டைகள். ஊரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் வெட்டவெளியில் மெல்லிய மரத்தாள்களை வடாம் மாதிரி காயப் போட்டிருப்பார்கள். அதுதான் பிளைவுட்டின் கச்சாப்பொருள். இந்தியாவின் பிளைவுட் தலைநகரங்களில் ஒன்று இது. (கேரளத்தில் பெரும்பாவூர் என்றால் ரப்பர் மரம், இங்கே பாப்ளர், யூகலிப்டஸ்.)

காடே இல்லாத கோதுமைப் பூமியில் மரத்தொழில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதில் நம்ம ஊர் சம்பந்தமும் ஒன்று இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். அதில் 1996 டிசம்பர் 12இல் வந்த இடைக்கால உத்தரவு நாட்டின் மரத்தொழிலையே புரட்டிப் போட்டது. அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாத காடுகளில் வெட்டு நின்றது. வடகிழக்கிலிருந்து மரம் வெளியே போவது நின்றது. அசாம், அருணாசலப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பிளைவுட் ஆலைகள் பூட்டப்பட்டன. அந்தத் தொழில் இடம் தேடி வந்து உட்கார்ந்த ஊர்களில் முக்கியமானது யமுனாநகர்.

வந்த ஆலைகளுக்கு மரம்? அதுவும் தயாராக இருந்தது. தொழிற்சாலைகள் காட்டைக் கேட்கக்கூடாது, விவசாயியோடு நேரடியாகக் கைகோத்து மரம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988ஆம் வருட தேசிய வனக் கொள்கை சொன்னது. அதற்கும் முன்னாலேயே, 1980களில், விம்கோ தீப்பெட்டி கம்பெனி நபார்டு துணையோடு வட இந்திய விவசாயிகளுக்குப் பாப்ளர் கன்று கொடுத்து, வங்கிக் கடனும் வாங்கிக் கொடுத்தது. விம்கோ என்றதும் சென்னைக்காரர்களுக்கு விம்கோ நகர் ஸ்டேஷன் ஞாபகம் வரும். அதே விம்கோதான். கோவில்பட்டியில் தீப்பெட்டி வாசத்தில் வளர்ந்தவனுக்கு இங்கே வந்தும் தீப்பெட்டிதான் விதி போல!

பாப்ளர் வட அமெரிக்க மரம். குளிர்காலத்தில் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். அதனால் அடியில் கோதுமைக்கு வெயில் கிடைக்கும். ஏக்கருக்கு 200 மரம். முதல் இரண்டு வருடம் கரும்பு, அப்புறம் கோதுமை, ஆறிலிருந்து எட்டு வருடத்தில் வெட்டு. காட்டைத் தொடாமல், சோற்றுப் பயிரையும் விடாமல் மரம். அந்த வகையில் இந்தத் தொழிலின் அஸ்திவாரம் நல்ல அஸ்திவாரம். அதை யாரும் மறுக்க முடியாது.

நிற்க. அஸ்திவாரம் நல்லது என்பதாலேயே மேலே கட்டியதெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. என் கட்சி இதுதான்: மரத்தொழில் பசுமைத் தொழில் அல்ல. பசுமையாக ஆகக்கூடிய தொழில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மரக்கன்றில் இல்லை, ஆலைக்குள் இருக்கிறது.

இருப்பும் ஓட்டமும்

வணிகவியலில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது: இருப்பு நிலைக் குறிப்பு வேறு, லாப நட்டக் கணக்கு வேறு. ஒன்று ஒரு நாளின் நிலைமை, இன்னொன்று ஒரு வருடத்தின் ஓட்டம். கார்பன் விஷயத்தில் படித்தவர்களே குழம்புவது இங்கேதான்.

ஒரு பாப்ளர் மரத்திலிருந்து மூன்று குவிண்டால் கட்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சைக் கட்டையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மீதி 150 கிலோ காய்ந்த மரம். அதில் பாதி கார்பன், அதாவது 75 கிலோ. கார்பன் டை ஆக்ஸைடாக மாற்ற 44/12ஆல் பெருக்கினால் 275 கிலோ. வேர், கிளை சேர்க்கவில்லை. ஆக, ஒரு மரம் ஏழு வருடத்தில் காற்றிலிருந்து கால் டன்னுக்கு மேல் எடுத்துக் கட்டையில் வைத்திருக்கிறது. ஏக்கருக்கு 55 டன். சபாஷ்.

ஆனால் இது வைப்புத்தொகை சாமி, வருமானம் அல்ல. மரத்தை வெட்டினால் டெபாசிட் முதிர்ந்துவிட்டது. நல்ல பிளைவுட்டாகி இருபது வருடம் வீட்டில் நின்றால் டெபாசிட் புதுப்பிக்கப்பட்டது. அடுப்பில் போட்டால் பணம் எடுத்தாகிவிட்டது. வெட்டிய இடத்தில் திரும்ப நட்டால் புது டெபாசிட். நடாமல் விட்டால் கணக்கு முடிக்கப்பட்டது. "நாங்க வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் டன் மரம் எடுக்கிறோம், அத்தனையும் கார்பன் சேமிப்பு" என்று ஒரு முதலாளி சொன்னால், அது வங்கியில் ஒரு வருடம் வந்து போன பணத்தையெல்லாம் கூட்டி "இதுதான் என் சொத்து" என்று சொல்வது மாதிரி. வந்ததை மட்டும் கூட்டக்கூடாது. போனதைக் கழிக்க வேண்டும்.

எங்கெங்கே போகிறது? நான் ஆய்வுக்குப் போன ஆலைகளில் பார்த்த வரையில் ஓட்டைகள் ஆறு.

ஒன்று: தண்ணீரைச் சுமப்பது

நூறு குவிண்டால் பச்சைக் கட்டை ஏற்றிய வண்டியில் ஐம்பது குவிண்டால் தண்ணீர். டீசலை எரித்துத் தண்ணீரை ஊர் ஊராக இழுக்கிறோம். "காய வைத்து எடுத்து வரலாமே" என்று கேட்கத் தோன்றும். முடியாது. ஈரம் இருந்தால்தான் லேத்தில் கட்டையைச் சுற்றிச் சுற்றித் தாளாகச் சீவ வரும். தவிர மண்டியில் விலை குவிண்டால் கணக்கு. காய வைத்தால் விவசாயிக்கு எடை நஷ்டம்.

ஆக வழி ஒன்றுதான். சீவும் இடம் தோட்டத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். அங்கேயே சீவி, அங்கேயே வெயிலில் காய வைத்து, காய்ந்த தாளை மட்டும் ஆலைக்கு ஏற்றினால் பாதிச் சுமை மிச்சம். சிறு யூனிட்டுகளுக்கு உரிமம் தருவது மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. 2002இல் உச்ச நீதிமன்றம் புது மர ஆலைகளுக்குப் போட்ட தடைக்குக் காரணம் இருந்தது. காட்டு மரம் திருட்டுத்தனமாக உள்ளே வந்துகொண்டிருந்த காலம் அது. 2016இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்து, முடிவெடுக்கும் பொறுப்பு மாநில அளவிலான குழுக்களுக்கு வந்தது. தோட்டத்து மரத்தை மட்டும் சீவும் சிறு யூனிட்டுகளுக்கு அந்தக் குழுக்கள் முன்னுரிமை தர வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு: நடுத்தண்டு

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பழைய லேத்தில் கட்டையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துச் சுற்றுவார்கள். கவ்விய இடத்துக்குக் கீழே சீவ முடியாது. எட்டு அங்குல விட்டமுள்ள கட்டையில் நாலு அங்குலத் தண்டு மிஞ்சினால் என்ன, பாதிதானே போச்சு என்று நினைக்கக்கூடாது. பரப்பளவு விட்டத்தின் வர்க்கம். எனவே நாலில் ஒரு பங்கு, 25 சதவீதம், தாளாகாமல் போகிறது. கவ்வாமல் உருளைகளால் அழுத்திச் சுற்றும் புது லேத் வந்திருக்கிறது. அதில் ஒன்றரை அங்குலம் வரை சீவலாம். மிச்சம் மூன்றரை சதவீதம்.

அதாவது, ஒரு மரம்கூடக் கூடுதலாக நடாமல், வாங்கிய அதே கட்டையிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் தாள். எந்த மரம் நடும் விழா இதைத் தரும் சொல்லுங்கள்? எங்கள் கிளையில் லேத் மாற்றக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சிவப்புக் கம்பளம் விரிப்பது இதனால்தான்.

மூன்று: கொதிகலனும் கரண்டும்

தாளைப் பசை போட்டு அடுக்கி, சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். அந்தச் சூட்டுக்கு மரக்கழிவைத்தான் எரிக்கிறார்கள். "மரத்தை எரித்தால் கார்பன் இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. எரித்த அன்றே புகை போய்விடுகிறது. அதைத் திரும்ப உள்ளே இழுக்க இன்னொரு பாப்ளருக்கு ஏழு வருடம் வேண்டும். கடன் இன்றைக்கு, தவணை ஏழு வருடத்துக்கு. தோட்டத்தில் திரும்ப நடுகிறார்கள் என்றால் இந்தக் கடன் அடைபடும். இயற்கைக் காட்டு மரமென்றால் நம் காலத்தில் அடைபடாது.

அதைவிட மோசம், அந்தக் கழிவை மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் போட்டு வைத்து ஈரத்தோடு எரிப்பது. ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோகலோரி சுமாருக்கு வீண். பாதி எரிந்தும் எரியாமலும் கரும்புகை வேறு. ஒரு தகரக் கொட்டகை போட்டு விறகை மூடி வைப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. வருகிற விறகை முதலில் வந்தது முதலில் போகட்டும் என்று வரிசையில் எரித்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கரண்ட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. இந்த ஆலைகளின் கூரை எவ்வளவு பெரியது என்று பார்த்தால்தான் தெரியும். அதில் 50 கிலோவாட் சோலார் போட்டால் வருடத்துக்கு 70,000 யூனிட் அளவில் வரும். 49 டன் மிச்சம். மேலே பார்த்த கணக்கில், ஒரு ஏக்கர் பாப்ளர் ஏழு வருடம் கட்டையில் சேர்த்தது 55 டன். கிட்டத்தட்ட அதே அளவை ஒரு கூரை ஒரே வருடத்தில் தடுக்கிறது, வருடா வருடம்.

இன்னொன்று. தாளை வெயிலில் காயப்போடுவதைப் பார்த்து "பழைய காலத்து முறை" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்த ஊரின் ஆகப் பெரிய சோலார் திட்டம். டிசம்பர், ஜனவரி மூடுபனியிலும் மழைக்காலத்திலும் இயந்திர உலர்த்தி வேண்டும்தான். மற்ற மாதங்களில் சூரியனை விட மலிவான கொதிகலன் கிடையாது. ஆனால் அங்கே குனிந்து நிமிர்ந்து தாளைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் உ.பி.யிலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். மே மாத ஹரியானா வெயிலில் அவர்களுக்கு நிழலும் குடிதண்ணீரும் இல்லாமல் "பசுமை உற்பத்தி" என்று பேசுவது அயோக்கியத்தனம்.

நான்கு: பசை

பிளைவுட் என்றால் மரம் மட்டுமல்ல, பசையும்தான். யூரியா பார்மால்டிஹைடு, பீனால் பார்மால்டிஹைடு. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பார்மால்டிஹைடு மெத்தனாலிலிருந்து. நமக்கு வேண்டிய மெத்தனாலில் பெரும்பகுதி இறக்குமதி. ஆக மரத்தட்டுக்குள் எரிவாயு ஒளிந்திருக்கிறது. விவசாயிக்கான மானிய யூரியா பசைக்குக் கடத்தப்படுகிறது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. 2015இல் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் தர வேண்டும் என்று அரசு ஆக்கியதற்கு இந்தக் கடத்தலும் ஒரு காரணம்.

பசையை நிறுத்த முடியாது. குறைக்க முடியும். தாள் ஒரே தடிமனாக, சரியான ஈரத்தில் இருந்தால் பசை மெல்லிதாகப் பூசினாலே பிடிக்கும். மேடு பள்ளமாகச் சீவிய தாளுக்கு அப்பித்தான் ஆக வேண்டும். அதாவது லேத்தின் கத்தியைச் சாணை பிடிப்பதும் கார்பன் குறைப்புதான். பீனாலில் ஒரு பங்குக்குப் பதிலாக, மரத்திலேயே இருக்கும் லிக்னினைச் சேர்க்கும் முறையும் இருக்கிறது. அது பெரிய ஆலைகள் முதலில் செய்து காட்ட வேண்டியது.

ஐந்து: லாரி

"நியூசிலாந்திலிருந்து பைன் மரம் கப்பலில் வருதே, அது எவ்வளவு பெரிய அநியாயம்" என்பார்கள். காண்ட்லா துறைமுகத்தில் அப்படி வந்து இறங்குவது உண்மைதான். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பிறகு நாம் வெளியே தேட வேண்டிய திசைகளும் மாறின. ஆனால் கணக்கைப் பாருங்கள். இங்கிருந்து சென்னைக்கு 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போகும் லாரி 600 லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 1,600 கிலோ. இருபது டன் சரக்கென்றால் டன்னுக்கு 80 கிலோ. பெரிய சரக்குக் கப்பலில் டன்னுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 10 கிராம்தான். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலில் வந்தாலும் டன்னுக்கு நூறு கிலோ சுமார்.

இதற்கு இறக்குமதியே நல்லது என்று அர்த்தமில்லை. தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, எதில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். தெற்கே போகும் பிளைவுட்டை ரயிலில் ஏற்ற முடிந்தால் ஏற்ற வேண்டும். லாரி என்றால் திரும்பும்போது காலியாக வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலி லாரியும் டீசல் குடிக்கத்தானே செய்யும்!

ஆறு: ஆயுசு

கடைசி ஓட்டை எல்லாவற்றையும் விடப் பெரியது. ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு வகை. முதலாவது ஈரக்கசிவை ஓரளவு தாங்கும், இரண்டாவது கொதிநீரையும் தாங்கும். முத்திரை ஒன்று, சரக்கு வேறொன்று என்று விற்பதெல்லாம் எல்லா ஊர்ச் சந்தையிலும் உண்டு. சமையலறைத் தொட்டிக்கு அடியில் மட்டமான பலகை போட்டு, மூன்றாம் மழைக்காலத்தில் உப்பி, ஐந்தாம் வருடம் குப்பைக்குப் போகிறது. ஏழு வருடம் வளர்ந்த மரத்துக்கு ஐந்து வருட ஆயுசு! எங்கள் பாஷையில் இது முதிர்வுக்கு முன்பே டெபாசிட்டை உடைப்பது. வங்கியாவது அதற்கு அபராதம் போடும். இங்கே அபராதம் யாருக்கு? அந்தப் பலகையை வாங்கி ஏமாந்தவருக்கும், அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும்.

இருபது வருடம் நிற்கிற பலகை செய்கிறவன் ஒரு மரம்கூட நடாவிட்டாலும் மூன்று மரத்தைக் காப்பாற்றியவன்.

இப்போது எங்கள் பக்கம்

முதலாளிகளை மட்டும் சொன்னால் நியாயமில்லை. 2023 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பசுமை வைப்புகளுக்கு ஒரு சட்டகம் கொண்டுவந்து, ஜூன் 1 முதல் அமலாக்கியது. பசுமை என்று சொல்லி மக்களிடம் வாங்கும் டெபாசிட்டை எந்த வகைக் காரியங்களுக்குக் கடனாகக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது, வெளியாள் ஒருவர் வருடா வருடம் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் இலக்கு என்று ஒன்று வந்துவிட்டால் வங்கிக்காரன் புத்தி எப்படிப் போகும் என்று வங்கிக்காரனுக்குத்தான் தெரியும். "பிளைவுட் ஆலைதானே, மரம்தானே, பசுமை என்று குறித்துவிடு" என்று எனக்கே சொல்லப்பட்டது. பழைய லேத், ஈர விறகு, டீசல் ஜெனரேட்டர் உள்ள ஓர் ஆலையின் நடைமுறை மூலதனக் கடனுக்கு! மாட்டேன் என்று காரணத்தோடு கோப்பில் எழுதிவிட்டேன். ஓய்வூதியப் பணத்தைப் பசுமை டெபாசிட் என்று நம்பிப் போடுகிற வாத்தியார் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் பணத்துக்கு நான் பொய்க் கையெழுத்துப் போட முடியாது.

அதற்குப் பதில் என்ன செய்யலாம்? மரத்தொழில் கடன் விண்ணப்பத்தில் நான்கே கேள்விகள் போதும் என்கிறேன்.

1. நூறு கிலோ கட்டைக்கு எத்தனை கிலோ தாள்?
2. ஒரு கன மீட்டர் பிளைவுட்டுக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ விறகு?
3. மரம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அங்கே திரும்ப நட்டார்களா?
4. விற்ற சரக்கில் திரும்பி வந்த புகார் எத்தனை?

"சின்ன யூனிட்காரன் இதுக்கெல்லாம் ஆலோசகர் வச்சு அறிக்கை கொடுக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். எடைமேடைச் சீட்டு, கரண்ட் பில், டீசல் பில், பசை வாங்கிய பில் எல்லாம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. மாதா மாதம் எங்களுக்குச் சரக்கிருப்பு அறிக்கை தருகிறாரே, அதில் இன்னும் நாலு வரி. அவ்வளவுதான். இந்த வருட எண்ணை விட அடுத்த வருட எண் குறைந்தால் வட்டியில் கொஞ்சம் சலுகை. குறையாவிட்டால் சலுகை இல்லை. திட்டவும் வேண்டாம், விழா எடுக்கவும் வேண்டாம். ஜூன் 5 வந்தால் கன்று நட்டு, போட்டோ எடுத்து, ஜூலையில் அதை மாடு மேய்ந்து முடிக்கும் கதையை விட இது உருப்படியானது.

இதைவிட முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. விவசாயி. 2000களின் தொடக்கத்தில் பாப்ளர் விலை படுத்தது. நொந்துபோன விவசாயிகள் நடுவதைக் குறைத்தார்கள். சில வருடத்தில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. மறுபடி நட்டார்கள். இந்த ஊசலாட்டத்தில் அடிபடுவது சிறு விவசாயிதான். நான் பார்க்கிற இன்னொரு கொடுமை, ஏழு வருடம் நிற்க வேண்டிய மரத்தை நாலாம் வருடமே வெட்டி விற்பது. ஏன்? மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, அல்லது எங்கள் கடன் தவணை. நாலு வருட மரத்தின் எடை ஏழு வருட மரத்தில் பாதிகூட இருக்காது. மண்டியிலும் தடிமன் குறைந்த ரகம் என்று விலையை அடித்துவிடுவார்கள். விவசாயிக்கும் நஷ்டம், காற்றுக்கும் நஷ்டம்.

மரம் வருடா வருடம் வருமானம் தராது, கடைசியில் மொத்தமாகத் தரும். அப்படிப்பட்ட பயிருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று அட்டவணை போடுகிற வங்கிக்குப் பசுமையைப் பற்றிப் பேசவே தகுதி இல்லை. வெட்டும் வருடத்தில் மொத்தமாகக் கட்டும்படி தவணை அமைய வேண்டும். நடுவில் அவசரம் என்றால், நிற்கிற மரத்தை மதிப்பிட்டு, வெட்டாமலே அதன் மேல் சிறு கடன் தர வேண்டும். நகைக்குத் தருகிறோமே, அதே மாதிரி. நகை வளராது. மரம் வளரும். எது நல்ல ஈடு?

கார்பன் சந்தை, கிரெடிட் என்று இப்போது நிறையப் பேர் பெட்டி தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறார்கள். மத்திய அரசு 2023இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்த பிறகு வரத்து ஜாஸ்தி. எல்லோரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் விவசாயி ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஏழாம் வருஷம் நான் மரத்தை வெட்டினா இந்தக் கணக்கு என்ன ஆகும்?" தெளிவான பதில் சொல்லத் தெரியாதவரிடம் கையெழுத்து வேண்டாம்.

ஆக மொத்தம், மரத்தொழிலின் கார்பன் சுவட்டைக் குறைப்பது என்பது பெரும்பாலும் வீணாக்காமல் இருப்பதுதான். கட்டையை, சூட்டை, பசையை, டீசலை, கடைசியில் பலகையை. நம்ம பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த வித்தை இது. சாக்கைக்கூட உதறி மடித்து வைத்து விற்பவர் அவர். அந்தச் சிக்கனம் ஆலைக்கும் வரட்டும், கடன் கோப்புக்கும் வரட்டும்.

கொசுறு: "நம்ம தோட்டத்துல பாப்ளர் போடலாமா?" என்று ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்கும் மாமா, மச்சான், சித்தப்பா அனைவருக்கும்: வேண்டாம். அது குளிர் கேட்கும் மரம். 28 டிகிரி வட அட்சரேகைக்கு மேலேதான் ஒழுங்காக வரும். நம்ம மண்ணுக்கு மலைவேம்பு, சவுக்கு மாதிரி மரங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் போய்க் கேளுங்கள், விவரமாகச் சொல்வார்கள். எதை நட்டாலும், யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, எத்தனை வருடத்தில் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு நடுங்கள். அப்புறம் ஏழு வருடம் பொறுங்கள்.